ஒரு குழந்தை, இரண்டு ஜுரம்

ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. கூக்குரல் எழுகிறது, ஊரார் ஓடி வருகிறார்கள். வேலியோரத்தில் ஒருவன் அகப்படுகிறான். அவன் மடியில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றும் இருக்கிறது. "அகப்பட்டான் திருடன்!" என்று எல்லோரும் திருப்தியடைந்து கலைந்து போகிறார்கள். நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக நழுவிய இன்னொருவனைப் பற்றி அந்தச் சமயத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை. முதல்வன் பிடிபட்டதே இரண்டாமவனுக்குப் பெரிய உபகாரமாகி விடுகிறது.

வைத்திய உலகிலும் இந்தக் கதை அடிக்கடி நடப்பதுண்டு. ஜுரத்தோடு வந்த குழந்தையின் ரத்தத்தில் ஒரு கிருமி அகப்படுகிறது. வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, மருந்தும் கிடைத்துவிட்டது, உடனே தேடுதல் நின்றுவிடுகிறது. அதே உடம்பில் அதே வேளையில் இன்னொரு வியாதியும் குடிபுகுந்திருந்தால் என்ன ஆவது? மலேரியா பரம்பரைக் குடியாக வாசம் செய்யும் ஆப்பிரிக்க தேசங்களில், 2020-ஆம் ஆண்டில் கொரோனா வைரஸும் வந்து சேர்ந்தபோது, இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் உயிர்க் கேள்வியாக மாறியது.

முதலில் மலேரியாவின் கொடுமையைச் சற்று அளந்து பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 26 கோடியே 30 லட்சம் மலேரியா நோய்கள் கண்டன; ஏறக்குறைய 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் நேர்ந்தவை. அங்கே இறந்தவர்களில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்தக் கணக்கில் இன்னொரு நோயும் வந்து கலந்தால் தாயும் டாக்டரும் படும் பாட்டை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய பகைவனும் புதிய பகைவனும்

மலேரியா மனிதனுக்கு மிகப் பழைய பகைவன். ஆயினும் அவனுடைய முகத்தை மனிதன் கண்டது 1880-ஆம் ஆண்டில்தான். அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் நகரில் இருந்த பிரெஞ்சு ராணுவ டாக்டர் அல்போன்ஸ் லாவெரான், ஒரு சிப்பாயின் ரத்தத் துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, அதற்குள் அசைந்து நெளியும் உயிரைக் கண்டார். அந்த உயிரைச் சுமந்து திரிவது கொசுதான் என்பதற்குச் சான்று கிடைத்தது நமது தேசத்திலேயே. 1897 ஆகஸ்டு 20-ந் தேதி ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் டாக்டர், கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ராஸுக்கு 1902-லும் லாவெரானுக்கு 1907-லும் நோபல் பரிசு கிடைத்தது.

மலேரியாக் கிருமிகளில் பல ஜாதிகள் உண்டு. அவற்றுள் மகா கொடியது பால்ஸிபாரம் என்பது. ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பெரும்பாலும் பலி கொள்வது இதுவே. இது சிவப்பு ரத்த அணுக்களுக்குள் புகுந்து பெருகி, சுமார் நாற்பத்தெட்டு மணிக்கு ஒரு தரம் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிப்படுகிறது. அதோடு நில்லாமல், தான் குடியேறிய அணுக்களைச் சிறு ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறது. மூளையின் நுண்ணிய குழாய்கள் இப்படி அடைபடும்போது குழந்தை நினைவு தப்பிப் போகிறது.

புதிய பகைவனோ 2019-ஆம் ஆண்டின் கடைசியில் வெளிப்பட்டவன். 2020 பிப்ரவரியில் எகிப்திலும், அதே மாதக் கடைசியில் நைஜீரியாவிலும், மார்ச்சில் உகாண்டாவிலும் முதல் நோயாளிகள் தென்பட்டார்கள். உலக நெருக்கடி முடிந்துவிட்டதென்று 2023 மே மாதம் 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது உண்மை. ஆனால் முடிந்தது நெருக்கடி நிலைதானே தவிர வைரஸ் அல்ல. அது இன்றும் மனிதரிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே நாம் பேசப் போகும் விஷயம் பழங்கதை அன்று.

குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொரோனா லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆயினும் அந்த ஆறுதல் எல்லாத் தேசங்களுக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசு, கானா, கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா ஆகிய ஆறு தேசங்களில் உள்ள 25 ஆஸ்பத்திரிகளில், 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோயோடு சேர்க்கப்பட்ட 469 குழந்தைகளையும் சிறுவர்களையும் பற்றிய கணக்கு 2022-ல் வெளியாயிற்று. அவர்களில் 39 பேர், அதாவது நூற்றுக்கு எட்டுக்கு மேல், இறந்து போனார்கள். ஒரு வயது நிரம்பாத சிசுக்களுக்கும், ஏற்கெனவே வேறு வியாதி உள்ள குழந்தைகளுக்கும் அபாயம் அதிகமாயிருந்தது.

லட்சணங்கள் செய்யும் குழப்பம்

பெரியவர்களின் மலேரியாவை நம் பாட்டிமார்கள்கூட அடையாளம் சொல்லிவிடுவார்கள். முதலில் பல் கிட்டும் குளிர். பிறகு கொதிக்கும் ஜுரம். பிறகு வெள்ளமாய் வியர்வை. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓய்வு. குழந்தைகள் உடம்போ இந்தச் சட்டதிட்டங்களுக்கு அடங்குவதில்லை. ஜுரம் விடாமலே அடிக்கலாம். வாந்தி எடுக்கலாம், பேதியாகலாம், இருமல்கூட இருக்கலாம். குழந்தை பாலைத் தள்ளிவிட்டுச் சோர்ந்து கிடக்கும்.

கொரோனாவின் லட்சணங்கள் என்னவென்று கேட்டால் பதில் ஏறக்குறைய இதே ஜாபிதாதான். ஜுரம், இருமல், தலைவலி, உடம்பு வலி, வாந்தி, பேதி, சோர்வு. மணமும் ருசியும் தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை அதை எப்படிச் சொல்லும்?

"மூச்சிரைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொரோனா நுரையீரலைத் தாக்கும் நோய் அல்லவா? ஆனால் அங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. கடுமையான மலேரியாவிலும் குழந்தைக்கு மூச்சு இரைக்கும். நுரையீரல் கெட்டுப் போனதால் அல்ல. ரத்தத்தில் அமிலம் ஏறிவிடுவதால். ஏறிய அமிலத்தைக் குறைப்பதற்காக உடம்பு ஆழ்ந்து ஆழ்ந்து சுவாசிக்கிறது. ரத்தம் வற்றி வெளுத்துப்போன குழந்தைக்கும் மூச்சு வேகமாகிறது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லா மூச்சிரைப்பும் ஒன்றுதான்.

அருகில் சென்று பார்ப்பவருக்கு மட்டும் சில துப்புகள் கிடைக்கும். அமிலத்தால் வரும் மூச்சு ஆழமானது. மார்பில் குழாய் வைத்துக் கேட்டால் சத்தம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். நுரையீரல் அழற்சியால் வரும் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் இருக்கும். நெஞ்சுக் கூட்டின் அடிப்பாகம் உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் நுனியில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயு நிறைவை அளக்கும் சிறு கருவி ஒன்று இப்போது உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே அது இறங்கினால், நுரையீரலில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று முதலில் சந்தேகிக்க வேண்டும்; தாமதிக்காமல் பிராணவாயு கொடுக்க வேண்டும்.

அந்தக் கருவிக்கும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது குடங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று சொல்லுமேயொழிய, எத்தனை குடங்கள் இருக்கின்றன என்று சொல்லாது. மலேரியாவினால் சிவப்பு அணுக்களில் பாதியை இழந்துவிட்ட குழந்தையின் மிச்ச அணுக்கள் நிறைந்தே இருக்கும். கருவி 97 என்று காட்டும். குழந்தையோ உள்ளுக்குள் வாடிக்கொண்டிருக்கும். இரண்டாவது குறை, கறுத்த தோல் உடையவர்களிடத்தில் அக்கருவி சில சமயம் உள்ளதைவிட உயர்ந்த எண்ணைக் காட்டுகிறது என்பது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்கக் குழந்தையின் விரலில் கருவியை மாட்டும்போது இதை மறக்கலாகாது.

பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

லட்சணம் கைவிட்டால் பரிசோதனை இருக்கவே இருக்கிறது என்று நாம் நிம்மதி அடைய முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலேரியாவுக்குப் பழமையான சோதனை, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. 1904-ல் குஸ்தாவ் கீம்ஸா வகுத்த சாயமுறையே இன்றுவரை நிலைத்திருக்கிறது. கெட்டியாகத் தடவினால் கிருமி இருக்கிறதா என்று தெரியும். மெல்லியதாகத் தடவினால் என்ன ஜாதி என்று தெரியும். எண்ணிப் பார்த்தால் எவ்வளவு என்றும் தெரியும். ஆனால் இதற்கு நல்ல பூதக்கண்ணாடியும், அதைவிட முக்கியமாகப் பழகிய கண்ணும் வேண்டும். மின்சாரம் இல்லாத கிராமத்து வைத்திய சாலையில் இரண்டும் துர்லபம்.

ஆகையால், விரலைக் குத்தி ஒரு துளி ரத்தத்தை விட்டால் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் துரித அட்டைகள் பரவின. மலேரியா என்று சந்தேகித்த ஒவ்வொருவரையும் சோதித்த பின்பே மருந்து கொடுக்க வேண்டும் என்று 2010-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது, இந்த அட்டைகளின் பலத்தைக் கொண்டுதான். பால்ஸிபாரம் கிருமி வெளியிடும் ஒரு புரதத்தை இவை கண்டுபிடிக்கின்றன. இதிலும் வில்லங்கம் உண்டு. கிருமி செத்த பிற்பாடும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கியிருக்கும். சென்ற மாதம் மலேரியா வந்து குணமான குழந்தைக்கு இந்த மாதம் கொரோனா வந்தால், அட்டை சென்ற மாதத்துக் கதையைச் சொல்லி "மலேரியாதான்" என்று சாதிக்கும். எதிரிடையான ஏமாற்றமும் உண்டு. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே இழந்துவிட்ட கிருமிகள் பெருவில் முதலில் தென்பட்டன. பிறகு எரித்ரியா முதலிய இடங்களிலும் காணப்பட்டன. அவை அட்டையின் கண்ணில் மண்ணைத் தூவிவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மலேரியா மிகுந்த பிரதேசத்தில் பலமுறை நோய்ப்பட்டுப் பழகிய குழந்தைகளில் அநேகர், ரத்தத்தில் கிருமியை வைத்துக்கொண்டே ஓடி விளையாடுகிறார்கள். கிருமி இருக்கும், நோய் இராது. அப்படிப்பட்ட குழந்தைக்கு வேறு காரணத்தால் ஜுரம் வந்து சோதித்தால், மலேரியாக் கிருமி நிச்சயம் அகப்படும். அந்தக் கிருமி இருப்பதும் உண்மை. அந்த ஜுரத்துக்கு அது காரணமல்ல என்பதும் உண்மை. நாம் தொடக்கத்தில் சொன்ன திருட்டில், வேலியோரத்தில் அகப்பட்டவன் வெறும் வழிப்போக்கனாகவும் இருக்கலாம்.

இனிக் கொரோனா பக்கம் திரும்புவோம். மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டெடுத்த சளியில் வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் பி.ஸி.ஆர். சோதனைதான் கூர்மையானது. ஆனால் அதற்குப் பெரிய சோதனைச் சாலை வேண்டும். பதில் வருவதற்குள் இரண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடலாம். நோய் தீர்ந்த பின்பும் வைரஸின் சிதைவுகளை அது சில வாரங்கள் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். கொரோனாவுக்கான துரித அட்டையை 2020 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. ஏழை நாடுகளுக்கு அட்டை ஒன்று ஐந்து டாலருக்கு மிகாமல் கிடைக்க அதே மாதம் ஏற்பாடாயிற்று. சௌகரியமான சாதனம்தான். எனினும் வைரஸ் குறைவாயிருக்கும் நாட்களில் அது நழுவவிட்டு விடும். ஆகவே அது "இல்லை" என்று சொல்வதை வேத வாக்காகக் கொள்வதற்கில்லை.

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையோ மலேரியா நாடுகளில் வேறொரு வேடிக்கை காட்டிற்று. கொரோனா பிறப்பதற்கு முன்பே நைஜீரியாவில் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது, அதில் ஒரு பகுதி "கொரோனா வந்து போயிருக்கிறது" என்று பொய்ச் சாட்சி சொல்லிற்று! மலேரியாவை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய பொருள்களில் சில, கொரோனாவின் முள்ளுப் புரதத்தின் மேலுள்ள சர்க்கரைப் பகுதிகளோடும் ஒட்டிக்கொள்கின்றன என்பது பிந்திய ஆராய்ச்சியில் தெரிந்தது.

மலாவியும் தான்ஸானியாவும் கற்பித்த பாடம்

ஒரு கிருமி கிடைத்ததும் தேடலை நிறுத்துவது எவ்வளவு அபாயம் என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம். மலாவி தேசத்தில் பிளான்டயர் நகர ஆஸ்பத்திரியில், மூளை மலேரியா என்று தீர்மானிக்கப்பட்டு இறந்துபோன 31 குழந்தைகளின் உடல்களை டெர்ரி டெய்லரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 7 குழந்தைகளின் மூளையில் கிருமியின் அடைப்பே இல்லை. வேறு வியாதியால் இறந்திருந்தார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தது, நினைவும் தப்பியிருந்தது, ஆயினும் கொன்றது வேறு. உயிரோடிருக்கும்போதே இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய சிறந்த அடையாளம், கண்ணின் உட்திரையில் தோன்றும் வெளுப்பும் ரத்தப் பொட்டுகளுமே என்று அவர்கள் கண்டார்கள்.

தான்ஸானியாவில் ஜுரத்தோடு வைத்திய சாலைக்கு வந்த 1,005 குழந்தைகளை 2008-ல் நுணுக்கமாகச் சோதித்தார்கள். முடிவு 2014-ல் அச்சாயிற்று. மலேரியா இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். அறுபதுக்கு மேற்பட்டோருக்குச் சுவாச உறுப்புகளைச் சேர்ந்த நோய். நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டோருக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வியாதிகள். அதாவது, ஆப்பிரிக்கக் குழந்தைக்கு ஜுரம் என்றால் மலேரியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் அப்பொழுதே மலையேறிவிட்டது. இரட்டை வியாதி அபூர்வமும் அல்ல.

கொரோனா வந்தபின் நடந்ததையும் சொல்லிவிடுவோம். உகாண்டாவில் 2020 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கொரோனா உறுதியான 597 பேருடைய ரத்தத்தைப் பார்த்ததில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் பால்ஸிபாரம் கிருமியும் இருந்தது. இருபது வயதுக்கு உட்பட்ட இளையோரிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். இரண்டும் சேர்ந்ததால் கொரோனா மேலும் கடுமையாகிவிடவில்லை என்பது 2022-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியின் ஆறுதலான முடிவு. ஆனால் அதில் பெரும்பாலோர் பெரியவர்கள். கைக்குழந்தைகளுக்கும் இந்த ஆறுதலை அப்படியே நீட்டிவிடுவது நியாயமாகாது.

பின்னால் வரும் புயல்

கொரோனா குழந்தைகளிடத்தில் செய்யும் இன்னொரு காரியம் விசித்திரமானது. லேசாக வந்து, யாரும் கவனியாமலே போயும் விடும். இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, உடம்பு முழுவதும் அழற்சி கிளம்பும். விடாத ஜுரம், சிவந்த கண்கள், தோலில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி. சில குழந்தைகளுக்கு இருதயம் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும். 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய்க்கு, மே 15-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு லட்சண விதி வகுத்தது. அதில் ஒரு ஷரத்து: இந்த அழற்சிக்கு வேறு கிருமி வெளிப்படையான காரணமாக இருக்கக்கூடாது.

லண்டனில் இந்த ஷரத்தை நிறைவேற்றுவது சுலபம். கம்பாலாவில்? அங்கே குழந்தையின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி ஏற்கெனவே குடியிருக்கலாம். ரத்தத் தட்டணுக்கள் குறைவதும், அழற்சியைக் காட்டும் அளவுகள் ஏறுவதும் மலேரியாவிலும் உண்டு. விதியைக் கண்டிப்பாக அனுசரித்தால், கிருமி அகப்பட்ட காரணத்தால் அழற்சி நோய் விலக்கப்பட்டுவிடும். தளர்த்தினால் எல்லா மலேரியாவும் அழற்சி நோயாகிவிடும்.

இதில் தவறினால் என்ன? பெயர்தானே மாறுகிறது என்று நினைத்துவிடக்கூடாது. மருந்தே மாறுகிறது. அழற்சி நோய்க்கும், பிராணவாயு தேவைப்படும் கடுமையான கோவிடுக்கும் ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது. அதே மருந்தை மூளை மலேரியாவுக்குத் தாய்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது, நினைவு தப்பிய நிலை நீடித்ததேயன்றி நன்மை விளையவில்லை என்று 1982-லேயே தெரிந்துவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிய குழந்தைக்கு விரைவாகத் திரவம் ஏற்றுவது பல நாடுகளில் வழக்கம். ஆனால் உகாண்டா, கென்யா, தான்ஸானியா ஆகிய நாடுகளில் கடும் ஜுரத்தோடு ரத்த ஓட்டமும் தளர்ந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2011-ல் வந்தபோது வைத்திய உலகம் திடுக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. திரவம் விரைந்து ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இரண்டு நாட்களுக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் நூற்றுக்கு ஏழு. ஒரு நோய்க்கு அமிர்தமாயிருப்பது மற்றொன்றுக்கு விஷமாகக்கூடும்.

செய்யத் தக்கது என்ன?

இவ்வளவு சிக்கலையும் கேட்டு, "அப்படியானால் வழியே இல்லையா?" என்று நேயர்கள் மனம் சோர வேண்டாம். வழி இருக்கிறது, அது எளிய வழியுங்கூட. இரண்டு வியாதியும் நடமாடும் இடத்தில் ஜுரத்தோடு வரும் குழந்தைக்கு மலேரியாச் சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடக்கூடாது. அவ்வாறே, மலேரியா அகப்பட்டுவிட்டது என்பதற்காகக் கொரோனாவைத் தேடாமல் இருக்கவும் கூடாது. ஒன்று இருப்பது மற்றொன்று இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

அடுத்தபடி, மலேரியா அகப்பட்டால், அது வழிப்போக்கனா திருடனா என்று விசாரித்துக்கொண்டிராமல் உடனே மருந்து கொடுத்துவிட வேண்டும். பால்ஸிபாரம் ஒரே நாளில் குழந்தையைக் கொன்றுவிட வல்லது. கடுமையான நோய்க்கு ஊசி வழியே ஆர்ட்டிஸுனேட் கொடுப்பது கொயினாவைவிட மேலானது என்பது, 5,425 ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2010-ல் வெளியிட்ட பரீட்சையில் நிலைநாட்டப்பட்டது. கொரோனாச் சோதனையின் பதில் வரட்டும் என்று இந்த மருந்தை நிறுத்தி வைப்பது பெருந்தவறு.

பிறகு மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பி ஒரு வயது நிரம்பாத குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பது தடவையும், ஒன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தை நாற்பது தடவையும் அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. பிராணவாயுவை அளக்க வேண்டும். கண்ணின் கீழிமையைப் பிரித்துப் பார்த்து ரத்தம் வற்றியிருக்கிறதா என்று காண வேண்டும். சென்ற ஆறு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது இருமலும் ஜுரமும் வந்ததா, சென்ற மாதம் குழந்தை மலேரியா மருந்து சாப்பிட்டதா என்று தாயைக் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்குக் காசு செலவில்லை. பல சமயம் சோதனை அட்டையைவிட அதிகமாக இவை துப்புக் கொடுக்கும்.

கடைசியாக, மலேரியா மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாளாகியும் ஜுரம் தணியவில்லை என்றால், "மருந்து இன்னும் பிடிக்கவில்லை" என்று காத்திராமல் புதிதாகப் பார்ப்பதுபோல் மறுபடியும் பார்க்க வேண்டும். மருந்துக்கு அடங்காத ஜுரம் இரண்டாவது வியாதியின் குரலாக இருக்கலாம். அது கொரோனாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியாவினால் மெலிந்த குழந்தையின் ரத்தத்தில் ஸால்மொனெல்லா போன்ற மூன்றாவது கிருமியும் புகுவதுண்டு.

பயத்தினால் வந்த பலி

சாஸ்திரச் சிக்கல் இவ்வளவுதான். ஆனால் 2020-ல் குழந்தைகளைக் கொன்றது சிக்கல் மட்டும் அல்ல. பயமும் இல்லாமையும் சேர்ந்து கொன்றன. லேசான ஜுரம் என்றால் வீட்டிலேயே இருங்கள் என்று உலகமெங்கும் உபதேசம் பரவிற்று. லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது நல்ல உபதேசம். ஜுரம் கண்ட இருபத்து நான்கு மணிக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்திய சாலைக்கு ஓடுங்கள் என்று பல ஆண்டுகளாகப் படித்துப் படித்துச் சொல்லப்பட்டிருந்த தாய்க்கு, இது நேர்மாறான கட்டளை. எதைக் கேட்பாள் அவள்?

அந்த ஆண்டில், முந்திய ஆண்டைவிட 69,000 பேர் அதிகமாக மலேரியாவால் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அவற்றில் சுமார் 47,000 மரணங்களுக்கு, கொள்ளை நோயினால் சோதனையும் மருந்தும் தடைப்பட்டதே காரணம் என்றும் கணித்தது. கொரோனாவே தீண்டாத எத்தனையோ குழந்தைகளைக் கொரோனாவின் நிழல் கொன்றது என்பதே இதன் பொருள்.

நாளைய அபாயம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மலேரியா கிராமத்து நோய், சுவாச நோய்கள் நகரத்து நெரிசலில் பரவுபவை என்ற பழைய பாகுபாடு ஆப்பிரிக்காவில் கலைந்து வருகிறது. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் வெகு காலமாகக் குடியிருக்கும் ஸ்டீபன்ஸி என்னும் நமது பக்கத்துக் கொசு, 2012-ல் ஜிபூட்டியிலும் 2016-ல் எத்தியோப்பியாவிலும் காணப்பட்டது. 2022-ல் எத்தியோப்பியாவின் டயர் டாவா நகரில் மலேரியா திடீரென்று பெருகியதற்கு அக்கொசுவே காரணமாயிற்று. கொசு நகரத்துக்கு வந்துவிட்டால், இரண்டு ஜுரமும் ஒரே குழந்தையிடம் சந்திக்கும் சந்தர்ப்பம் இன்னும் அதிகமாகும்.

ஆகவே ஐந்து டாலர் அட்டையும், விரலில் மாட்டும் கருவியும், ஒரு குழாய்ப் பிராணவாயுவும் பணக்கார தேசங்களின் தர்மப் பொருள்களாக அவ்வப்போது வந்து சேர்ந்தால் போதாது. கிராமத்து வைத்திய சாலையின் அலமாரியில், கொயினா இருந்த இடத்தில், அவை என்றும் இருக்க வேண்டும். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: ஒரு பதில் கிடைத்த பிறகும் இன்னொரு கேள்வி கேட்கும் பழக்கம். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. வைத்தியம் பயிலும் இளைஞர்களுக்கும் நர்ஸுகளுக்கும் அங்கங்கே கற்பித்தாக வேண்டும். கற்பிக்கும் செலவு மிகக் குறைவு. கற்பிக்காமல் விடுவதற்கு விலையாகக் கொடுக்கப்படுவது குழந்தைகளின் உயிர்.